மெர்சிங்கிலிருந்து பாதியில் கிளம்பிய கதை

தப்பு என் மேல்தான். பொங்கல் முடிந்தால் மழையும் முடிந்தது என்று நான் கணக்குப் போட்டேன். திருப்பூரில் அது சரியான கணக்கு. அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் மலேசியாவின் கிழக்குக் கரையிலும் அடிக்கிறது என்பது பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம். ஆனால் ஜோகூர் மாநிலத்தில் அது மாசி வரைக்கும் அடித்துத் தீர்க்கும் என்று எந்த டீச்சரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

தை பிறந்து ஐந்தாம் நாள் மெர்சிங் படகுத்துறைக்குப் போய் நின்றேன். தீவுகளுக்குப் போகும் படகுகள் எல்லாம் ஆற்றுக்குள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. டிக்கெட் ஜன்னலில் இருந்த மலாய்ப் பெண் என் கையில் இருந்த நீச்சல் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு வெளியே கடலைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு "மார்ச்" என்றாள். என் ஒரு மாதம் பிப்ரவரி நடுவிலேயே முடிந்துவிடும்.

என் ஏற்பாடு இதுதான். ஸ்டெல்லா அக்கா என்பவர் மெர்சிங்கில் வீட்டோடு சேர்த்து நான்கு அறைகளில் ஒரு விடுதி நடத்துகிறார். என்னோடு வேலை பார்த்த ஒருத்திக்குத் தூரத்துச் சொந்தம். நான் ஒரு மாதம் அங்கே தங்கலாம், சாப்பிடலாம். பதிலுக்குக் காலை நேரத்தில் விடுதி வேலையில் கூடமாட உதவ வேண்டும். மத்தியானத்துக்கு மேல் தீவு, பவளப்பாறை, கலர் கலராக மீன். இப்படித்தான் நான் ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

எல்லோரிடமும் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் எனக்கு 'அரைகுறை' என்று பெயர். வீணை எட்டு மாதம். தபாலில் எம்.காம். ஒரு வருடம். கல்யாணம் இரண்டு வருடம். ஒரே பனியன் கம்பெனியில் பதினாறு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன், அதை மட்டும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. "ஒரு மாசமா? பத்தாம் நாளு ஏர்போர்ட்டுல காரோட நிக்கறேன், போ" என்றான் என் அண்ணன். அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாற்பத்தோரு வயதில் ஒரு விஷயத்தையாவது கடைசி நாள் வரை முடித்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

ஸ்டெல்லா அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது இருக்கும். லாயாங் லாயாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, ஜோகூர் பாருவில் மின்னணுத் தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு இந்த வீட்டை வாங்கியவர். கணவர் இல்லை. ஒரே மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வந்து போவான். முதல் நாள் நான் பெட்டியோடு நனைந்துகொண்டு உள்ளே நுழைந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பசியாறிட்டியா?"

விமானத்தில் கொடுத்த ரொட்டிக்குப் பிறகு நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. அடுப்பில் ஏதோ மீன் குழம்பு புளிப்பும் காரமுமாக மணத்துக்கொண்டிருந்தது. வாய் மட்டும் பழக்கத்தில், "ஆச்சுங்க்கா, பரவாயில்லீங்க" என்றது. ஒரு பேச்சுக்குச் சொல்வதுதானே. அவர் "சரி" என்று சொல்லிச் சட்டியை மூடிவிட்டார். அன்று பையில் இருந்த நாலு முறுக்கோடு நான் படுத்தேன். என்ன மனுஷி இவர் என்று தோன்றியது.

மறுநாளிலிருந்து வேலை. விடுதியில் விருந்தாளி என்று ஒரு ஈ காக்கை கிடையாது. கடல் மூடியிருக்கும் மாதங்களில்தான் அக்கா வீட்டைப் புதுப்பிப்பாராம். சுவர் முழுக்கப் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம். ஒரு வாளியில் மருந்துத் தண்ணீர், ஒரு கம்பி பிரஷ். தேய்க்க வேண்டும், துடைக்க வேண்டும், காய வைக்க வேண்டும். காற்றில் அத்தனை ஈரம் இருக்கும்போது சுவர் எப்படிக் காயும்? திங்கட்கிழமை தேய்த்த இடம் புதன்கிழமை மறுபடியும் பச்சையாகிக்கொண்டிருந்தது. மத்தியானங்களில் குடையோடு கடற்கரைக்குப் போவேன். தேயிலைத் தண்ணீர் நிறத்தில் அலைகள் வந்து மோதும். குடை திரும்பிக்கொள்ளும். வந்துவிடுவேன்.

அக்கா பேசுவதெல்லாம் வேலையைப் பற்றித்தான். "அந்த மூலய நல்லா தேய். ஏணிய புடிச்சிக்க." ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாசலில் நின்று, "சர்ச்சுக்குப் போறேன், வரியா?" என்று கேட்டார். நான் விடிந்ததிலிருந்து அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன். நல்ல சுடிதார் கூடப் போட்டிருந்தேன். ஆனாலும் எடுத்த எடுப்பில் தலையாட்டினால் அலைகிறாள் என்று நினைத்துவிடுவாரே! "நீங்க போய்ட்டு வாங்க்கா, உங்களுக்கெதுக்குச் சிரமம்" என்றேன். குடையை விரித்தார், போய்விட்டார். அந்தச் சுடிதாரோடு உட்கார்ந்து வீட்டுப் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அடைக்கலம் தந்தது உமர் பாய் கடை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சாப்பாட்டுக் கடை. பாய்க்குத் தொண்டி பக்கம் சொந்த ஊர், இங்கே வந்து பல காலம் ஆகிவிட்டது. ரொட்டி சானாய் என்று நம் பரோட்டாவின் தம்பி ஒன்றைப் பருப்புக் குழம்போடு தருவார். முதல் நாளே "இன்னொண்ணு வைக்கட்டா தங்கச்சி?" என்றார். வேண்டாம் என்றேன். "அட, சும்மா சாப்புடுங்க." இல்லை பாய், போதும். "எங்கேயிருந்தோ வந்திருக்கீக, ஒத்த ரொட்டியில எந்திரிக்கிறதா?" என்று சொல்லித் தட்டில் போட்டேவிட்டார். கண் கலங்கிவிட்டது. மனிதர்கள் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

பக்கத்து மேசையில் கடலுக்குப் போக முடியாத மலாய் மீனவர்கள் நாள் பூராவும் தே தாரிக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நம் ஊர் டீயைவிடத் திக்காக, நுரை பொங்க ஆற்றிக் கொடுக்கும் டீ. ஒருவர் ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். என்னவென்று பாயைக் கேட்டேன். "வூட்ல இருந்தா பொண்டாட்டி அலமாரியைத் தள்ளு, கட்டிலைத் தள்ளுங்கறாளாம். பொயலே தேவலயாம்" என்றார். எனக்கும் அதே நிலைமைதான் என்று சொல்லச் சொன்னேன். மீனவர்கள் என்னைப் பார்த்துக் கண்ணாடித் தம்ளரைத் தூக்கிக் காட்டினார்கள். அந்த ஊரில் நான் சிரித்த மத்தியானங்கள் எல்லாம் அந்தக் கடையில்தான். அக்கா ஒரு நாள் மீன் வாங்கிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனார். நான் கையாட்டினேன். அவர் என் தட்டைப் பார்த்துவிட்டுப் போனார்.

பத்தாம் நாள் என் அறைக் கூரை ஒழுக ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் தலையணையின் ஒரு பக்கம் ஊறிப் போயிருந்தது. பிரஷ்ஷைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கையில் கொப்புளம். ஒரு வார்த்தை ஆறுதலாகப் பேச ஆள் கிடையாது. ஏணியில் நின்றுகொண்டிருந்த அக்காவிடம் போய், "அக்கா, நான் வேணா முன்னாடியே கெளம்பிடட்டுங்களா? உங்களுக்கும் சிரமந்தானே" என்றேன்.

அவர் கை நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார். 'ஏம்மா, என்ன ஆச்சு, இரு' என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். சொல்லியிருந்தால் இருந்திருப்பேன்.

"எப்ப?" என்றார்.

"வெள்ளிக்கெழம மாதிரி..."

"சரி."

அவ்வளவுதான். மறுபடியும் சுவரைத் தேய்க்கத் தொடங்கிவிட்டார். என் முகம் தொங்கிப் போய்விட்டது. சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஆத்திரத்தில் அன்றைக்கே விமான டிக்கெட்டைச் சனிக்கிழமைக்கு மாற்றினேன். அண்ணனுக்கு மட்டும் சொல்லவில்லை. அவன் சிரிப்பு எனக்கு இங்கேயே கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை பெட்டியோடு பஸ் நிலையம் போனால், பஸ் இல்லை. கோத்தா திங்கி அருகே சாலையில் தண்ணீர் ஏறிவிட்டதாம். ஜோகூர் பாருவுக்குப் போக அந்த ஊரைத் தாண்டியாக வேண்டும். வழியனுப்ப வந்த அக்கா டிக்கெட் கொடுப்பவரோடு மலாயில் ஏதோ பேசினார். பிறகு என் பெட்டியைத் தூக்கித் தன் பழைய காரில் வைத்தார். "நான் கொண்டி விடுறேன். தண்ணி வடிஞ்சிக்கிட்டுதான் இருக்காம்." என்னைத் துரத்துவதற்கு இத்தனை அவசரமா என்று நினைத்துக்கொண்டு ஏறினேன்.

சாலையின் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். ஒன்று முடிந்தால் இன்னொன்று. எண்ணெய்க்காக வளர்க்கும் குட்டைப் பனைகள், எல்லாம் ஒரே உயரம், எல்லாம் சொட்டிக்கொண்டு நின்றன. யானை கடக்கும் இடம் என்று மஞ்சள் பலகை ஒன்று வந்தது. யானை வரவில்லை. பேச்சும் வரவில்லை. கோத்தா திங்கிக்குக் கொஞ்சம் முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. மழை அங்கி போட்ட போலீஸ்காரர் ஒவ்வொரு ஜன்னலாகக் குனிந்து சொல்லிக்கொண்டு வந்தார். "மொத லோரிங்கள விடுவாங்களாம். சின்ன காடிங்க காத்திருக்கணும்" என்று அக்கா மொழிபெயர்த்தார். காடி என்றால் அங்கே கார்.

ஒரு மணி நேரம் போனது. இரண்டு மணி நேரம் போனது. அக்கா பின்சீட்டிலிருந்து ஒரு பையை எடுத்தார். வாழையிலையில் கட்டிய நாசி லெமாக் பொட்டலங்கள் இரண்டு. பிரித்ததும் தேங்காய்ப்பால் சோற்று வாசனையும் நெத்திலிக் கருவாட்டுச் சம்பல் வாசனையும் காரை நிறைத்தன. நான் காலையில் வெறும் டீயோடு கிளம்பியிருந்தேன்.

"சாப்புடுறியா?"

"பரவாயில்லீங்க்கா, நீங்க சாப்புடுங்க."

அவர் தலையாட்டினார். ஒரு பொட்டலத்தை நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். ஜன்னலைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு இரண்டாவது பொட்டலத்தையும் பிரித்தார்.

அதிலிருந்த முட்டையின் பாதி அவர் வாய்க்குள் போனபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஏனுங்க்கா, இன்னொரு தடவை கேக்கவே மாட்டீங்களா?"

"என்ன கேக்கணும்?"

"சாப்பிடறயான்னு!"

"அதான் கேட்டேன் லா. நீ வேணான்னு சொன்ன."

"ஒரு தடவை கேட்டா வேண்டான்னுதான் சொல்லுவாங்க. ரெண்டாவது தடவை கேக்கோணும். மூணாவது தடவை தட்டுல வைக்கோணும். அதுக்குப் பேருதான் உபசரிப்பு!"

அக்கா கையில் சோற்றோடு என்னையே பார்த்தார். "அலமாக்" என்றார். அட கடவுளே என்பதற்கு அங்கே அப்படிச் சொல்கிறார்கள். "அப்ப அன்னைக்கி பசியாறிட்டேன்னு சொன்னது?"

"பட்டினிங்க்கா. முறுக்குத் தின்னுட்டுப் படுத்தேன்."

"அந்த மீன் கொழம்பு, அசாம் பெடாஸ், ஒனக்காகத்தான் வெச்சேன். பாசார்ல போயி நல்ல மீனா பாத்து வாங்குனேன். நீ பசியாறிட்டேன்னு சொல்லிட்ட. மறுநாளு பூனைக்கிப் போட்டேன்." அவர் குரல் ஏறியது. "சர்ச்சு?"

"சுடிதார் போட்டுட்டு உக்காந்திருந்தேன்."

"நான் என்னா நெனச்சேன் தெரியுமா? இந்தியாவுலேர்ந்து வந்திருக்கு, நம்ம சோறு அதுக்கு ஆகல, நம்ம வீடு ஆகல, நம்மகூட வர்றதுக்கும் கூச்சப்படுதுன்னு. பாய் கடையில மட்டும் ரெண்டு ரொட்டி சாப்புடுற! கண்ணால பாத்தேன்."

"அவரு மூணு தடவை கேட்டாருங்க்கா!"

பின்னால் இருந்த காரில் வானொலி பாடிக்கொண்டிருந்தது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டார். "எங்க வீட்ல ஒம்போது பேரு" என்றார். "எஸ்டேட்டு லயத்து வீடு. ஒரு சட்டிதான். அம்மா ஒரு தடவதான் கேக்கும். வேணான்னு சொன்னா அடுத்த ஆளு தட்டுக்குப் போயிரும். ரெண்டாவது தடவ கேக்க சட்டியில ஒண்ணும் இருக்காது. அதனால வேணும்னா வேணும்னு சொல்லுவோம். வேணான்னு சொன்னவங்கள மறுபடி கேட்டா, அவங்க பேச்ச நம்பலன்னுதான் அர்த்தம்."

அவர் எனக்குக் கொடுத்தது மரியாதை. அதை நான் பன்னிரண்டு நாளாகப் பாராமுகம் என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அப்ப நான் கெளம்பறேன்னு சொன்னப்போ?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"பெரிய மனுஷி. நீ யோசிச்சிதான் சொல்லியிருப்பேன்னு நெனச்சேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒரு மாசம் வீட்ல ஆளு இருக்கும்னு பையன்கிட்ட சொல்லி வெச்சிருந்தேன். ஆனா கெளம்புறவங்கள எப்பிடி புடிச்சி வைக்கிறது?"

அந்த இடத்தில் என் மனதில் வந்தது மெர்சிங் இல்லை. எத்தனையோ வருடத்துக்கு முன்னால் ஒரு வீட்டு வாசலில், இதே மாதிரி ஒரு பெட்டியோடு, "நான் கெளம்பறேன்" என்று சொல்லிவிட்டு நின்றேன். செருப்பை மாட்டுவதற்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன். என் கணவரும் "சரி" என்றுதான் சொன்னார். கல் நெஞ்சக்காரன் என்று இத்தனை காலம் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். அந்தக் கல்யாணம் நிலைத்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நான் எதையும் பாதியில் விடவில்லை, ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று யாராவது தடுப்பார்களா என்று பார்த்திருக்கிறேன் என்பது அன்றுதான் உறைத்தது. வீணை டீச்சரிடமும் அப்படித்தான் சொன்னேன். அழுகை வந்தது. அழுதேன். அக்கா இரண்டாவது பொட்டலத்தில் மிச்சமிருந்ததை என் மடியில் வைத்தார். கேட்கவில்லை. பாதி முட்டை இல்லாத நாசி லெமாக்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டே வழித்துச் சாப்பிட்டேன். அந்த மாதிரி ஒரு சம்பலை நான் எங்கேயும் சாப்பிட்டதில்லை.

மத்தியானம் மழை விட்டது. மேகத்துக்கு நடுவே கொஞ்சம் வெயில் கூட எட்டிப் பார்த்தது. லாரிகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயின. பிறகு போலீஸ்காரர் சின்ன வண்டிகளுக்கும் கை காட்டத் தொடங்கினார். வரிசை நகர்ந்தது. எங்களுக்கு முன்னால் இருந்த கார் தண்ணீரில் இறங்கி, அந்தப் பக்கம் கரையேறியும் விட்டது. இனி எனக்குச் சாக்கு எதுவும் இல்லை. ஜோகூர் பாரு நேரே இருந்தது. நினைத்தால் சாயந்தரத்துக்குள் போய்விடலாம்.

அக்கா இன்ஜினைப் போட்டார். காரை நகர்த்தவில்லை.

"அக்கா, நான் இருக்கட்டுங்களா?" என்றேன்.

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே, "வேணாம் லா. ஒனக்கு எதுக்கு சிரமம்" என்றார்.

எனக்குத் திக்கென்றது. அப்புறம்தான் அவர் வாயோரம் துடிப்பதைப் பார்த்தேன். பின்னால் ஒரு ஹாரன் அடித்தது.

"சிரமமெல்லாம் இல்லீங்க்கா. இருக்கறேன்."

"பரவால்ல, பரவால்ல. நீ போயிட்டு வா."

போலீஸ்காரர் எங்களைப் பார்த்து இரண்டு கையையும் வீசினார். ஹாரன்கள் பெருகின. சனிக்கிழமை விமானம் நான் இல்லாமலே பறந்துகொள்ளும். நான் சீட் பெல்ட்டைக் கழற்றி, முழுசாக அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். "ஸ்டெல்லாக்கா, எனக்குப் போக வேண்டாம். எனக்கு உங்ககூட இருக்கோணும். அந்தச் செவுரு முடியற வரைக்கும் இருக்கோணும். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க." என் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை யாரிடமும் வந்ததில்லை. வெட்கமாக இல்லை.

"அப்பிடி கேளு" என்றார் அக்கா. எதிர்ப்பக்கச் சாலை காலியாக இருந்தது. ஸ்டீரிங்கை வளைத்து ஒரே திருப்பாகத் திருப்பினார். கார் மெர்சிங் பக்கம் பார்த்து நின்றது. எங்களுக்குப் பின்னால் அத்தனை நேரம் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த வேன்காரர், எங்களைக் கடக்கும்போது ஜன்னலை இறக்கி மலாயில் நீளமாகக் கத்திவிட்டுப் போனார். அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"என்னங்க்கா சொல்றாரு?"

"மொதல்லயே வாயத் தொறந்து சொல்லித் தொலைய வேண்டியதுதானேங்குறான்."